ஒரு பக்கம் ஒட்டாத பெட்டி

எனக்குப் போன் என்றாலே ஆகாது. எங்கள் ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. "ஏன்னா, அது பாட்டுக்கு அடிச்சுண்டே இருக்கே, எடுக்கப்படாதா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கமலா குரல் கொடுத்த பிறகுதான் எடுத்தேன். பேசியவர் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லாவின் கணவர் சேவியர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு. அன்றைக்கு என் காதுக்கே சரியாக எட்டவில்லை. "வரதன் சார், ஸ்டெல்லா காலையில எழுந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டா," என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஐயோ என்று சொல்லவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வியாழக்கிழமை ஒரு பெட்டி போகணுமே" என்றேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சேவியர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவளா இருந்தாலும் மொதல்ல அதத்தான் சார் கேட்டிருப்பா," என்றார். காப்பி ஆறிப்போய்விட்டது.

இதை நான் யாருக்கு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவின் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைப் பார்த்ததே கிடையாது. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு ஆய்வுக்கூடங்களில் இருந்துகொண்டு, அவருடைய குரலை மட்டும் அறிந்தவர்கள் நீங்கள். உங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்று நினைத்து, இரண்டு நம்பர்கள் போட்டேன். மூன்றாவதற்கு என்னால் முடியவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும் என்று ஸ்டெல்லாவே சொல்வார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

எங்களுடையது மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்ன ஏஜென்சி. உறைந்த நிலையிலேயே போய்ச் சேர வேண்டிய பொருள்களை விமானத்தில் வெளியூருக்கு அனுப்புவது வேலை. பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளிலிருந்து வருபவைதான். ஒரு நோயாளியின் உடம்புக் கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துண்டு, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் வரும். அது போகிற ஊரில் அதைப் பரிசோதித்து, எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்வார்கள். வழியில் உருகிவிட்டால் போயிற்று. மறுபடி ஒருமுறை அறுத்து எடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பல பேருக்கு அது முடியாது. அதனால் டிரை ஐஸில் வைத்து அனுப்புவோம். பார்த்தால் பனிக்கட்டி மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீர் இல்லை. உறைய வைத்த கரியமில வாயு. உருகி ஈரமாகாது, புகையாகப் போய்க் காணாமலே போய்விடும். ஸ்டெல்லா பெட்டி கட்டுவார், நான் காகிதம் எழுதுவேன், தாஸ் தன் ஆட்டோவில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோவார். முதலாளியைச் சேர்த்தால் நாங்கள் நாலே பேர்.

நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் நாளே என் சாமர்த்தியத்தைக் காட்டிவிட்டேன். ஸ்டெல்லா கட்டி வைத்த ஒரு பெட்டி மேஜை மேல் இருந்தது. தெர்மோகோல் பெட்டியின் மூடியில் மூன்று பக்கம் டேப், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்ன அரைகுறை வேலை இது என்று, அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பழுப்பு டேப்பை எடுத்து நாலு பக்கமும் மூன்று சுற்றுச் சுற்றினேன். எறும்பு நுழையாது. எனக்கே ரொம்பத் திருப்தி. அரை மணி நேரத்தில் பெட்டி வயிறு உப்பியது. இதென்ன என்று நான் எழுந்து பார்ப்பதற்குள் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மூடி பறந்து மின்விசிறியில் அடித்தது. அறையெல்லாம் டிரை ஐஸின் வெள்ளைக் குச்சிகள், தரையெல்லாம் புகை. ஸ்டெல்லா ஓடி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துப் போட்டார். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்தார்.

நல்ல வேளையாக அது குப்பி வைக்காமல் சோதனைக்குக் கட்டிய பெட்டி. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றேன். அவரோ சந்துச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சார் பண்ணீங்க? சீர்வரிசத் தட்டு மாரி சுத்திச் சுத்திக் கட்டி வெச்சிக்கீறீங்க! உள்ள கீறது ஐஸ் இல்ல சார், காத்து. அது போறதுக்கு ஒரு வழி உடணும். வழி உடலன்னா அதுவே பண்ணிக்கும்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்குக் கையெழுத்து நல்லா கீது. நீங்க பேப்பரோட இருங்க. டேப்பத் தொடாதீங்க," என்றார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. அதற்கப்புறம் தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டியைக்கூட என்னை ஒட்ட விடவில்லை.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வேறு எந்தக் கம்பெனியிலும் நான் இதைக் கேள்விப்பட்டதில்லை. பெட்டிக்குள் குப்பியை வைப்பார், சுற்றிலும் டிரை ஐஸைக் கொட்டுவார், மிச்ச இடத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பார். ஆனால் டேப்பைக் கையில் எடுக்கமாட்டார். "யாரு தொறக்கப்போறது?" என்று கேட்பார். ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சொன்னால் போதாது. "பில்டிங்கு பொட்டியத் தொறக்காது சார். எந்தக் கை தொறக்கும், அத்தச் சொல்லுங்க." அந்தக் கைக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துப் போனில் பேசிய பிறகுதான் மூடி ஏறும். நீங்கள் எல்லோரும் அந்தப் போனைக் கேட்டவர்கள்தான். கையுறை போட்டுக்கோங்க. ஜன்னலத் தொறந்து வைங்க. குனிஞ்சு மூஞ்சிய உள்ள உடாதீங்க. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, "தொறந்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க" என்று முடிப்பார்.

நீங்கள் போன் போட்டதும் அவர் கேட்கிற கேள்வியும் உங்களுக்குத் தெரியும். சாமான் நன்றாக இருக்கிறதா என்று கேட்கமாட்டார். "மீதி இருக்கா?" என்பார். பெட்டியில் ஐஸ் மீதி இருக்கிறதா என்று அர்த்தம். எனக்கு இது விசித்திரமாகப் பட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன். "சாமான் ஜில்லுன்னு இருந்தா அது அதிஷ்டமாக் கூட இருக்கலாம் சார். ஒரு கை ஐஸ் மீதி இருந்தாத்தான் நம்ம வேலை," என்றார். மீதி இல்லை என்று ஒருமுறை யாரோ சொன்னபோது, குப்பி உறைந்தபடியே இருந்தும், அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். எங்களுக்குள் தினமும் சண்டைதான். அவர் மீன் குழம்பு கொண்டுவந்தால் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பேன். "பாத்தியா தாஸு, என்னாலதான் சாருக்குக் காத்தோட்டம்," என்பார். என் தயிர்சாதத்தைப் பார்த்து, "இத்த சாப்ட்டுக்கினு எப்டி சார் உங்களுக்கு இவ்ளோ கோவம் வருது?" என்பார். சாந்தோமிலிருந்து பஸ்ஸில் தி. நகர் வந்து, அந்தக் கூட்டத்தில் ரயில்வே பாலம் ஏறி இறங்கி, ஒன்பது மணிக்கு முன்னால் ஆபீஸில் இருப்பார். நான் ஒன்பது பத்துக்கு வருவேன். பத்தொன்பது வருடமாக அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லிக் காட்டினார். கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி, இடுப்பில் சொருகிய முந்தானை, கையில் ஆம்பிளை சைஸ் தோல் கையுறை. இதுதான் ஸ்டெல்லா. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கமலாவுக்கு ஒரு நவராத்திரியில் ஆசை வந்துவிட்டது. கொலுவில் கைலாசம் வைத்திருந்தாள். அதிலிருந்து மேகம் வருகிற மாதிரி புகை வேண்டும் என்றாள். நான் ஆபீஸில் வாயை விட்டேன். ஒரு தூக்குச்சட்டி அளவு டிரை ஐஸை ஸ்டெல்லாவே எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்துவிட்டார். வந்தவர் கைலாசத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலைப் பார்த்தார். மூன்றையும் திறந்தார். காற்றில் விளக்கு ஆடியது. "ஐயையோ, ஜன்னலச் சாத்துங்கோ, விளக்கு மலையேறிடும்," என்று கமலா பதறினாள். "விளக்கு போனா திரும்ப ஏத்திக்கலாம் மாமி. ஆளு போனா?" என்றார் ஸ்டெல்லா. அந்த வீட்டில் கமலாவுக்குப் பதில் இல்லாமல் போனதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

புகை நன்றாகவே வந்தது. வந்தவர்கள் எல்லோரும் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கத் துடித்தார்கள். ஸ்டெல்லா ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொலுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நீளுகிற கையையெல்லாம் தட்டிவிட்டார். "தொட்டா தோலு உரிஞ்சுடும் மாமி. ஐஸுன்னு நெனச்சிக்காதீங்க, நெருப்புன்னு நெனச்சிக்கோங்க." இரவு எட்டு மணி வரை காவல். கமலா சுண்டல் கொண்டுவந்து கொடுத்தபோதும் கையுறையைக் கழற்றவில்லை. "இதோட எப்படி சாப்பிடுவேள்?" என்று கேட்டு, கமலாவே கரண்டியில் எடுத்து அவருக்கு ஊட்டிவிட்டாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, மிச்ச ஐஸை மொட்டைமாடியில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் பரப்பி, அது முழுக்கப் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். அதிலிருந்து எங்கள் வீட்டில் என்னை விட அவருக்குத்தான் செல்வாக்கு.

எல்லாவற்றுக்கும் டிரை ஐஸ்தான் மருந்து என்று நினைப்பவர்களோடும் மல்லுக்கட்டுவார். அடையாறிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், பெரிய பதவியில் இருந்தவர். தம்பிக்கு இன்சுலின் அனுப்ப வேண்டும், டிரை ஐஸில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். செலவைப் பற்றிக் கவலையில்லை என்று வேறு சொன்னார். "சார், இன்சுலினு ஒரு தடவ உறைஞ்சா அவ்ளோதான், அப்பால அது மருந்து இல்ல, தண்ணி. அத்த ஐஸ் மேல படுக்க வெக்கச் சொல்றீங்களே. அதுக்கு ஸ்வெட்டர்தான் போடணும்," என்றார் ஸ்டெல்லா. பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் அசையவில்லை. ஃப்ரிட்ஜில் குளிர வைத்த ஜெல் பைகளை எடுத்து, நடுவில் துணி சுற்றி, இன்சுலினை வைத்துக் கட்டி, தம்பியைப் போனில் கூப்பிட்டு எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை அந்தப் பெரியவர் வந்தபோது என்னைப் பார்க்கவே இல்லை. "அந்த ஸ்வெட்டர் அம்மா எங்கே?" என்று கேட்டார்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். டேப் தப்பு இல்லை, அதைவிடப் பெரியது. மேற்கு மாம்பலத்தில் பள்ளி ஆசிரியை வசந்தி என்பவரின் கட்டித் துண்டு ஹைதராபாத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது தடவை எடுக்க முடியாது என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். டிரை ஐஸ் எத்தனை கிலோ என்பதைப் பெட்டி மேலும் எழுத வேண்டும், காகிதத்திலும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டெல்லா பெட்டியில் ஐந்து என்று எழுதியிருந்தார். நான் முந்தின நாள் காகிதத்தைப் பார்த்து எழுதி, நாலு என்று போட்டுவிட்டேன். என் கையெழுத்தில், முத்து முத்தாக, நாலு. விமான நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். காகிதத்தைத் திருத்தி எடுத்துப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, டிசம்பர் மழை. விமானங்கள் ரத்து. வெள்ளிக்கிழமை இரவு போக வேண்டிய பெட்டி சனிக்கிழமை மத்தியானம் வரை சரக்குக் கொட்டகையில் கிடந்தது, உள்ளே ஐஸ் குறைந்துகொண்டே வந்தது.

"புது ஐஸ் எடுத்துக்கினு போயி ரொப்பணும்," என்றார் ஸ்டெல்லா. முதலாளி தன் காரைத் தருவதாகச் சொன்னார். "நாலு கண்ணாடியும் எறக்கினாத்தான் ஏறுவேன். மூடின கார்ல அந்தக் காத்து கீழயே தங்கும், தெரியாமலே மயக்கம் வரும்," என்றார் இவர். மழையில் சீட் நாசமாகிவிடும் என்று முதலாளி தயங்கினார். "அப்ப தாஸ் வண்டி," என்று கிளம்பிவிட்டார். ஆட்டோவில் தாஸ் இரண்டு பக்கமும் படுதாவைக் கட்டி வைத்திருந்தார். ஸ்டெல்லா அதைச் சுருட்டி மேலே சொருகினார். காலடியில் புகைகிற பெட்டி, இரண்டு பக்கமும் சாரல், சைதாப்பேட்டையைத் தாண்டும்போதே நான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தேன். "கொஞ்சம் படுதாவ எறக்கினா என்னம்மா?" என்று சிடுசிடுத்தேன். "நனைஞ்சா தொடைக்கத் துண்டு கீது வரதன் சார். மயங்கி உய்ந்தீங்கன்னா நான் இன்னாத்த வெச்சித் தொடைக்கறது?" என்றார். தாஸ் சிரித்த சிரிப்பில் ஆட்டோ குழியில் இறங்கி ஏறியது.

அந்த ஆட்டோவில்தான் அவர் இரண்டு போன் பேசினார். முதல் போன் ஷபானாவுக்கு. ஷபானாவின் சொந்த ஊர் ஆம்பூர். ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் பெட்டி திறப்பவர். ஞாயிற்றுக்கிழமை அங்கே விடுமுறை. வேறு யாராவது கேட்டிருந்தால் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருப்பார்கள், பெட்டியும் திங்கள் வரை பூட்டிய கதவுக்கு வெளியே கிடந்திருக்கும். வருஷக்கணக்காக அந்தக் குரலோடு பேசிப் பழகிய ஷபானா, "நீங்க அனுப்புங்க அக்கா, நான் போய்த் தொறக்கறேன்," என்று சொல்லிவிட்டார். இரண்டாவது போன் வசந்தியின் கணவருக்கு. "சார், எங்க பேப்பர்ல ஒரு நம்பரு தப்பாப் பூட்ச்சி. தப்பு எங்களுது. பொட்டி கெடல, நான் அதுகிட்டதான் போய்க்கினு இருக்கேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்களுக்கு மறுபடி பேசறேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படியே மழைத் தண்ணீரோடு போய்விடலாம் என்றிருந்தது. "என் பேரைச் சொல்லலையேம்மா," என்றேன். "அவுரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றார். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, ஐஸை நிரப்பி, புதிதாக எடை போட்டு, மார்க்கரால் எழுதி, என்னைக் கூப்பிட்டார். "பொட்டியப் பாத்து எழுதுங்க. எழுதிட்டு சத்தமாப் படிங்க." படித்தேன். "இன்னொரு தடவ." படித்தேன். மழை விட்டு, ராத்திரி விமானத்தில் பெட்டி போயிற்று. மறுநாள் காலை பத்தரையிலிருந்து நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுக் கமலா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பதினோரு மணிக்கு அடித்தது. பின்னால் மாதா கோயில் மணிச் சத்தம் கேட்டது. பூசை முடிந்து வாசலிலிருந்து பேசுகிறார். "ரெண்டு கை மீதி இருக்குதாம் சார்," என்றார் ஸ்டெல்லா. அவ்வளவுதான். நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

புதன்கிழமை சாந்தோமில் அடக்கம். அவர்கள் வீட்டு முன்னறையில் ஃப்ரீசர் பாக்ஸில் படுத்திருந்தார். கிட்டே போனவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் சிவப்பாக எரிந்த டிகிரி எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். பழக்கம். "எவ்ளோ சார் காட்டுது?" என்று கேட்டார் சேவியர். சொன்னேன். "சரியாத்தானே இருக்கு?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். இரண்டு பேருக்கும் அதில் ஏதோ நிம்மதி. வசந்தி டீச்சர் வந்திருந்தார், தலைமுடி முழுக்க வளர்ந்து, பின்னல் போட்டுக்கொண்டு. மாலையை வைத்துவிட்டு வந்து தாஸிடம், "அந்த மழை சமயத்துல என்னைப் பெட்டியில வெச்சு ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனது நீங்கதானே?" என்று கேட்டார். தாஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கல்லறையில் சவப்பெட்டிக்கு மூடி வைத்தார்கள். ஒரு பக்கம் முடுக்கினார்கள், இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "ஒரு பக்கம் விடுங்கப்பா," என்று சொல்லிவிட்டேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சாமியார் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். தாஸ் சத்தமாகச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். சேவியர் என் தோளில் கையைப் போட்டு, "அவளுக்கு இனிமே வேணாம் சார். மூடட்டும்," என்றார். மூடினார்கள்.

வியாழக்கிழமைப் பெட்டி இருந்ததல்லவா. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. நோயாளியின் பெயரைச் சொல்லமாட்டேன். அதுவும் ஒருமுறை மட்டுமே எடுக்கக்கூடிய துண்டு. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. வேறு கம்பெனிகளில் கேட்டோம், அடுத்த வாரம்தான் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். எழுந்து போய் அவருடைய கையுறையைப் போட்டுக்கொண்டேன். உள்ளே அவர் கை படிந்த இடம் வழுவழுவென்று இருந்தது. பயமாக இருந்தது. தப்பினால் திரும்பி வராத பொருள், திட்டுவதற்கும் ஆள் இல்லை.

குப்பியை வைத்தேன், ஐஸைச் சுற்றிக் கொட்டினேன், செய்தித்தாளைக் கசக்கி இடைவெளி இல்லாமல் அடைத்தேன். கேட்ட நேரத்துக்கு மேல் ஒரு நாள் தாங்கும்படி எடை. எடையைப் பெட்டியில் எழுதி, பெட்டியைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, சத்தமாக இரண்டு தடவை படித்தேன். தாஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டேப்பைத் தொடாமல் போனை எடுத்தேன். திறக்கப்போகிற கை ஷபானாவுடையதுதான். ஆபீஸ் நம்பரைப் பார்த்ததும், "சொல்லுங்க ஸ்டெல்லாக்கா!" என்றார் உற்சாகமாக. நான் யாரென்று சொல்லி, செய்தியைச் சொன்னேன். "ஸ்டெல்லாக்காவா?" என்று மட்டும் கேட்டீர்கள் ஷபானா. எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அதனால், "கையுறை போட்டுக்கோங்கம்மா. ஜன்னலத் திறந்து வைங்க. குனிஞ்சு முகத்த உள்ள விடாதீங்க," என்றேன். விசும்பிக்கொண்டே, "தொறந்துட்டுப் போன் போடறேன் அண்ணா," என்றீர்கள். போனை வைத்துவிட்டு மூன்று பக்கம் டேப் ஒட்டினேன்.

அவருடைய கையுறை இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதைச் சேவியரிடம் கொடுத்துவிட வேண்டும். என் கைக்கு அது கொஞ்சம் இறுக்கம். மூக்குக்கண்ணாடிச் சங்கிலி வீட்டில் இருக்கிறது. நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கேள்வி ஒன்றைத்தான். உங்களுக்கெல்லாம் இனிமேல் பெட்டி வந்தால், திறந்ததும் எனக்குப் போன் போடுங்கள். எடுப்பேன். முதல் மணியிலேயே எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை நான் ஒன்பது மணிக்கு முன்னால் ஆபீஸில் இருந்தேன். பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. முதலாளி எழுந்து நின்றார், தாஸ் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். எடுத்துக் காதில் வைத்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மீதி இருக்கா?" என்றேன்.

"இருக்கு அண்ணா," என்றார் ஷபானா. "ஒரு கை நிறைய இருக்கு."